வாசகர் கேள்வி: குழந்தை மாற்றிச் சொல்லிவிட்டாள், விசாரணையை முடித்துவிடலாமா?

விடுதி, பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மையம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் மீது குழந்தைகள் தொடர்பாகப் புகார் வந்தால், வெளியிலிருந்து போய் விசாரித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். இதைப் பற்றி எழுதுகிறேன் என்று அறிவிப்பு வந்ததும் நிறைய கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். யாருடைய அடையாளமும் தெரியாதபடி கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். அவசரமானவர்களுக்குத் தனியாக அன்றைக்கே பதில் போட்டாயிற்று. இதழ் வெளிவரும்வரை ஒரு குழந்தை காத்திருக்கக் கூடாது.

*

கேள்வி: நான் ஒரு குழந்தைகள் இல்லத்தின் நிர்வாகி. பத்து வயதுப் பெண் ஒருத்தி, இரவு வார்டன் தன்னைத் தப்பாகத் தொடுகிறார் என்று சமையலறையில் வேலை செய்யும் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நான் கூப்பிட்டு விசாரித்தேன். அப்புறம் செயலாளர் ஒரு தடவை, கமிட்டி ஒரு தடவை. மூன்றாவது முறை, "அப்படி எதுவும் நடக்கலை, சும்மா சொன்னேன்" என்றுவிட்டாள். வார்டன் நீண்ட காலமாக இருப்பவர், நல்ல மனிதர். இதோடு முடித்துவிடலாமா மேடம்?

முடிக்காதீர்கள். ஒழுங்கான விசாரணை உங்கள் இல்லத்தில் இன்னும் தொடங்கவே இல்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை முதலில் கேட்கிறேன். அந்த நாட்களில் இரவுப் பணியில் யார் இருந்தார்கள்? அதே வார்டன்தான் என்றால், அந்தப் பெண் பகலில் உங்களிடம் சொல்லிவிட்டு ராத்திரி அவர் சாவி வைத்திருக்கும் கட்டடத்தில் போய்ப் படுத்திருக்கிறாள். மூன்றாவது முறை "எதுவும் நடக்கலை" என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? உடனே அவரைக் குழந்தைகள் பக்கம் வராத வேலைக்கு மாற்றுங்கள். அப்படி வேலை இல்லையென்றால் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்புங்கள். குழந்தையை இடம் மாற்றாதீர்கள். பல இல்லங்களில், புகார் சொன்ன பிள்ளையைத்தான் "பாதுகாப்புக்காக" என்று வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கே காவல்துறைக்கோ குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பான அரசு அமைப்புக்கோ தகவல் போக வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால், 21ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. இங்கிலாந்தில் இத்தகைய புகார்களுக்கென்றே உள்ளாட்சியில் ஓர் அதிகாரி இருக்கிறார்; அவருக்கு ஒரு வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. எந்த நாட்டிலும், உண்மையா பொய்யா என்று நாமே தீர்த்துக்கொண்டு பிறகு சொல்லலாம் என்ற எண்ணம்தான் ஆபத்து. தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி ஒப்படைப்பதுதான் உங்கள் வேலை.

அடுத்தது, மூன்று முறை கேட்ட விஷயம். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் பெரியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்ன பதில் தப்பு போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். அதிலும் ஐந்தாறு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுவில் அவளை நிற்கவைத்துக் கேட்டால், எந்தப் பதிலைச் சொன்னால் இவர்கள் விடுவார்கள் என்றுதான் பார்ப்பாள். இந்த ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. கலிபோர்னியாவில் மெக்மார்டின் என்ற மழலையர் பள்ளியின் மேல் 1983இல் புகார் கிளம்பியது. நூற்றுக்கணக்கான சின்னப் பிள்ளைகளிடம் பொம்மைகளை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லு என்கிற தோரணையில் கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கினார்கள். பள்ளிக்கு அடியில் சுரங்கப் பாதை இருக்கிறது என்றுகூடப் பேச்சு வந்தது. ஏழு ஆண்டுகள் இழுத்து, 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. கேட்ட முறையே உண்மையைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டது.

இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பிறகு, அமெரிக்க அரசின் குழந்தை நல ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990களில் குழந்தைகளிடம் பேசுவதற்கென்று ஒரு முறையை வகுத்தார்கள். இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். "நடந்ததை எல்லாம் சொல்லு", "அப்புறம் என்ன ஆச்சு?" போன்ற கேள்விகள்தான் அதன் முதுகெலும்பு. "வார்டன் உன் மேல் கை வைத்தாரா?" என்று கேட்டால், கேட்பவரின் சொல் குழந்தையின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். இனி அவளிடம் பேசுவது அந்தப் பயிற்சி உள்ளவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும், கூடியவரை ஒரே முறை. நீங்கள் யாரும் மறுபடி கேட்காதீர்கள்.

உங்களிடம் இன்னும் கெடாமல் இருக்கும் சாட்சி அந்தச் சமையலறை அக்காதான். அவரை உட்காரவைத்து, குழந்தை சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் இதுவரை பார்த்ததிலேயே சிறந்த குறிப்பு, ஒரு நீச்சல் பயிற்சி மையத்தில் துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருவர் பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதியது. மேலே தேதி, நேரம். கீழே: "பாப்பா அழுதுச்சு. என்னம்மான்னு கேட்டேன். சார் துணி மாத்துற ரூமுக்குள்ள வர்றாருன்னு சொல்லுச்சு. வேற எதுவும் நான் கேக்கலை. பெரிய மேடம்கிட்ட சொல்லணும்னு சொன்னேன். தலையாட்டுச்சு." ஐந்தாறு வரிதான். குழந்தை சொன்னதோடு, தான் என்ன கேட்டேன், என்ன கேட்கவில்லை என்பதையும் எழுதியிருந்தார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பொய் வாக்குக் கொடுக்கவில்லை. பின்னால் யார் எப்படிக் குறுக்கே கேட்டாலும் அந்தக் காகிதம் அசையவில்லை.

நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அவர் நல்லவராக இருந்தாலும் அதை நிலைநாட்டப்போவது முறையான விசாரணைதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவில் ஓர் அரச ஆணையம் விசாரித்தது. அதன் முன் வந்து பேசிய பாதிக்கப்பட்டவர்கள், நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். உங்கள் இல்லத்துப் பெண் பத்து வயதிலேயே சொல்லியிருக்கிறாள்.

*

கேள்வி: எங்கள் அறக்கட்டளையில் ஓர் ஊழியர் மீது இப்படி ஒரு புகார். விசாரணை என்று பேச்செடுத்ததும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். குடும்பஸ்தர். குழந்தையின் பெற்றோரும் பிரச்சினை வேண்டாம் என்கிறார்கள். நல்லபடியாக அனுப்பிவைத்தால் எல்லோருக்கும் நல்லதுதானே?

நீங்கள் சொல்லும் "எல்லோரிலும்" அவர் அடுத்துச் சேரப்போகும் இடத்துக் குழந்தைகள் இல்லை.

ஹைட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணிக்குப் போன, ஆக்ஸ்ஃபாம் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் மீது 2011இல் பாலியல் முறைகேட்டுப் புகார் எழுந்தது. நான்கு பேரை நீக்கினார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் உட்பட மூன்று பேர் ராஜினாமா செய்துகொண்டு போக விடப்பட்டார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்த அந்த நபர் பிறகு வேறொரு நிவாரண அமைப்பில் சேர்ந்து வங்கதேசத்தில் வேலை பார்த்தார். 2018இல் செய்தி வெளியே வந்தபோதுதான் உலகத்துக்கு இது தெரிந்தது. சிறுமிகளைப் பற்றிய குற்றச்சாட்டை நிறுவனம் போதிய அளவு துருவிப் பார்க்கவில்லை என்று பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 2019இல் கண்டித்தது. அந்த ஆண்டுதான், பழைய ஊழியரின் நடத்தை பற்றி நிவாரண அமைப்புகள் ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொது ஏற்பாடும் வந்தது.

ராஜினாமாவை வாங்கிக்கொள்ளுங்கள், சட்டப்படி அதைத் தடுக்க முடியாமல் இருக்கலாம். விசாரணையை நிறுத்தாதீர்கள். அவர் வராவிட்டால், கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் தர நாள் கொடுத்து, இருக்கும் ஆதாரத்தை வைத்து முடிவு எழுதுங்கள். "போய்விடுகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்கிற மாதிரி ஒப்பந்தத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். நன்னடத்தை என்று பொத்தாம்பொதுவாக எழுதிய அனுபவச் சான்றிதழும் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் இன்னொரு நிர்வாகி அவரிடம் விடுதிச் சாவியைக் கொடுப்பார்.

பெற்றோர் வேண்டாம் என்பது பெரும்பாலும் பயத்தால். ஊர் பேசும், பிள்ளையின் பெயர் கெடும் என்ற பயம். குழந்தையின் பெயர் எந்தெந்தக் கைக்குப் போகும், எதற்குப் போகாது என்று அவர்களிடம் உட்கார்ந்து விளக்குங்கள். அப்புறமும் அவர்கள் தயங்கலாம். அது அவர்கள் உரிமை. நிறுவனத்தின் கடமை அதனால் குறையாது.

*

கேள்வி: ஒரு பயிற்சியாளரைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. பெயர் போடாதவன் பேச்சைக் கேட்க வேண்டுமா?

பெயர் போடாதவர் உள்ளேயே வேலை பார்ப்பவராக இருக்கலாம், சொன்னால் வேலை போகும் என்று பயப்படுபவராக இருக்கலாம். கடிதத்தையும் உறையையும் கிழிக்காமல் வையுங்கள். அதில் சரிபார்க்கக்கூடியது எது என்று பாருங்கள். "புதன்கிழமை சாயங்காலம் தனியாக நிறுத்திவைக்கிறார்" என்று இருந்தால், புதன்கிழமைப் பயிற்சி அட்டவணையும் வாசல் பதிவேடும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. எழுதியது யார் என்று கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த வேட்டை தொடங்கிய இடத்தில் அடுத்த கடிதம் வராது.

*

கேள்வி: காவல்துறை விசாரித்து, போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது. இப்போது ஹெச்.ஆரில் இருக்கும் என்னை உள் விசாரணை செய்யச் சொல்கிறார்கள். அவர்களே இல்லை என்ற பிறகு நான் என்ன கண்டுபிடிக்க முடியும்?

அவர்கள் கேட்ட கேள்வி வேறு, நீங்கள் கேட்கப்போவது வேறு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபித்துத் தண்டனை வாங்க முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, நடக்காமல் இருந்திருக்க வாய்ப்பு அதிகமா. நிறுவனத்தின் நடத்தை விதியை இவர் மீறினாரா. இவரைக் குழந்தைகளோடு வைத்திருக்கலாமா என்பதை. காவல் விசாரணை உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் நுழைந்தால் அவர்கள் ஆதாரத்தைக் கெடுத்துவிடுவோம்.

அதற்கு முன், நீங்கள் இதைச் செய்யலாமா என்று பாருங்கள். அந்த நபர் உங்களுக்கு மேலதிகாரியா, நண்பரா, நீங்கள் வேலைக்கு எடுத்தவரா? மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் விலகிக்கொள்ளுங்கள். தனியாகவும் செய்யாதீர்கள், கேட்பதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர்.

குற்றச்சாட்டை ஒற்றை வாக்கியமாக எழுதுங்கள்: யார், எப்போது, எங்கே, என்ன செய்ததாக. "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று எழுதினால் விசாரிக்கவும் முடியாது, அவரால் பதில் சொல்லவும் முடியாது. பிறகு ஆட்களை விட்டுவிட்டுக் காகிதத்துக்குப் போங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துபோகும் என்பதால் முதல் வேலை அதுதான். அப்புறம் பணி அட்டவணை, சாவி யாரிடம் இருந்தது, வண்டி ஓடிய பதிவு, விடுப்பு, நிறுவன போனில் குழந்தைகளுக்குப் போன வாட்ஸ்அப் செய்திகள்.

பதிவேட்டை நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு விடுதியில் இரவுச் சுற்றுக்கான நோட்டில் மணிக்கொரு கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு மாதப் பக்கங்களிலும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. நடுவில் மை தீர்ந்து நிறம் மாறிய இடம்கூட ஒரே பக்கத்தின் பாதியில். இரவு இரவாகப் போட்ட கையெழுத்து அப்படி இருக்காது, ஒரே மூச்சில் உட்கார்ந்து போட்டது. அதை வைத்து வார்டன் குற்றவாளி என்று நான் எழுதவில்லை. அந்த மாதம் முழுக்க ராத்திரியில் யாரும் சுற்றிவரவில்லை என்றுதான் எழுதினேன். "அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கவே முடியாது" என்று நிர்வாகம் சொல்லிவந்த பேச்சு அதோடு நின்றது.

ஆட்களில், முதலில் குழந்தை யாரிடம் சொன்னதோ அவர். பிறகு சக ஊழியர்கள், ஒவ்வொருவராக. குற்றம் சாட்டப்பட்டவர் கடைசியில். அப்போதுதான் சேர்ந்த ஆதாரம் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்துப் பதில் கேட்க முடியும். குழந்தையை மறுபடி கூப்பிடாமல், காவல்துறை பதிவுசெய்ததைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள்.

முடிவை எழுதும்போது "உண்மை", "பொய்" என்ற இரண்டு பெட்டி போதாது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான வழிகாட்டுதலில் ஐந்து உண்டு: நிரூபணமானது, பொய்யானது, பொய் என்பதோடு கெடுக்கும் நோக்கத்தில் சொன்னது, எந்த அடிப்படையும் இல்லாதது, எந்தப் பக்கமும் நிரூபிக்க முடியாதது. அந்தக் கடைசி வகைதான் நம் ஊழியர்களையும் நிர்வாகிகளையும் குழப்புகிறது. அது குற்றவாளி என்றும் சொல்லவில்லை, குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நேர்ந்தால் அதையே நேராக எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள், கோப்பில் வையுங்கள். 2002இல் இங்கிலாந்தின் சோஹமில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவர். அவர் முன்பு இருந்த ஊரில் அவர் மேல் பாலியல் புகார்கள் பல வந்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து தனித்தனியாக முடிந்துபோனது. அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர் இல்லை; வேலை கொடுத்த பள்ளிக்கு ஒன்றுமே தெரியவில்லை. இதைப் பற்றி 2004இல் வந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை முழுக்க இந்தப் பதிவுகளின் கதைதான்.

அறிக்கையில் இன்னொரு பகுதியும் இருக்கட்டும். அந்த அறை ஏன் உள்ளே தாழ் போடும்படி இருந்தது, ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் தனியாக இருக்கும் நேரம் ஏன் அட்டவணையிலேயே இருந்தது என்று நிறுவனத்தைக் கேளுங்கள். இந்தப் பகுதியை எழுதும்போதுதான் நிர்வாகத்திலிருந்து போன் வரும். எழுதிவிடுங்கள்.

*

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். என் மேல் ஒரு புகார் என்று சொல்லி இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். என்ன புகார் என்று இன்றுவரை சொல்லவில்லை. இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எனக்கு எந்த உரிமையும் இல்லையா?

இருக்கிறது சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் செய்தீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத நிலையிலும் உங்களுக்குச் சேர வேண்டியவை இவை: காவல்துறை தடை சொல்லாத முதல் நாளிலேயே குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும்; உங்களோடு தொடர்பில் இருக்க ஒருவரை நியமிக்க வேண்டும்; விசாரணைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துவர விட வேண்டும்; ஆதாரத்துக்குப் பதில் சொல்லவும் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இடம் வேண்டும். இடைநீக்கம் தண்டனை இல்லை என்றுதான் விதிப் புத்தகங்கள் சொல்கின்றன. இடைநீக்கமாகித் தெருவில் நடந்து போகிறவருக்கு அது தண்டனையாகத்தான் இருக்கும். அதனால்தான் வேறு வேலைக்கு மாற்றுவது போன்ற வழிகளைப் பார்த்துவிட்டு, வேறு வழியே இல்லாதபோது அதைக் கையில் எடுக்க வேண்டும் என்கிறோம். இவற்றைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தொழிற்சங்கமோ வக்கீலோ வழியாக இரண்டாவது கடிதம்.

நீங்கள் செய்யக் கூடாதது: குழந்தையையோ வீட்டாரையோ நேரில் பார்த்துப் பேசிச் சரிசெய்யலாம் என்று போகாதீர்கள், வேறு ஆளையும் அனுப்பாதீர்கள். குற்றமற்றவர்கள் பலர் இந்த ஒரு காரியத்தால் சாட்சியை மிரட்டினார் என்ற புதுப் புகாரில் மாட்டியிருக்கிறார்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். அந்த வாரங்களில் எந்த வகுப்பில் இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று நினைவில் இருப்பதை இப்போதே எழுதிவையுங்கள்.

புகார் பொய் என்று முடிந்தால், பரிந்துரைக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரக் கூடாது. நீங்கள் வேலைக்குத் திரும்பும் நாளில் தலைமையாசிரியர் உங்களோடு நடந்து ஆசிரியர் அறைக்கு வர வேண்டும் என்று நான் அறிக்கைகளில் எழுதுவது உண்டு. அதைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

*

கேள்வி: என் மகன் விஷயத்தில் விசாரணை நடக்கிறது. எதைக் கேட்டாலும் "ரகசியம்" என்கிறார்கள். ஒரு தாய்க்கு எதைக் கேட்க உரிமை?

காவல்துறைக்குத் தகவல் போய்விட்டதா, அந்த நபர் இப்போது குழந்தைகள் அருகில் இருக்கிறாரா, விசாரிப்பவர் யார், எப்போது முடியும், உங்கள் மகன் சொன்ன விஷயத்தில் என்ன முடிவுக்கு வந்தார்கள்: இந்த ஐந்தும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மற்ற குழந்தைகளின் பெயரையும் அந்த ஊழியரின் சொந்த விவரங்களையும் அவர்கள் சொல்ல முடியாது, அது நியாயம். கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் தர ஒரு நாள் குறிப்பிடுங்கள்.

வீட்டில் அவனைத் துருவிக் கேட்காதீர்கள், மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். அவனாகப் பேசினால் செய்வதை விட்டுவிட்டுக் கேளுங்கள், பிறகு தனியாகப் போய் எழுதிவையுங்கள். தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், மனநல ஆலோசகரிடம் இப்போதே கூட்டிப்போங்கள். விசாரணை முடியட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வழக்கு நடக்கிறது என்று ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், நடந்ததைக் கிளறாமல் அவனைத் தேற்றும் வழி அவர்களுக்குத் தெரியும்.